உரக்கடை உப்பில் ஒரு டேனியல் கலம்: மின்வேதியியலைக் கையால் செய்து படிக்க

ஆனோடு என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகத் தமிழில் நேர்மின்வாய் என்று பெயர். மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் அந்தப் பெயர் சரியாகப் பொருந்தும். பேட்டரியின் பிளஸ் முனையோடு சேர்த்த தகடுதான் அங்கே ஆனோடு. துத்தநாகத்தையும் (ஜிங்க்) காப்பரையும் வைத்து மின்சாரம் தரும் டேனியல் கலத்துக்கு வந்தால் துத்தநாகத் தகடு ஆனோடு, ஆனால் அதன் குறி மைனஸ். பெயர் நேர், குறி எதிர். பிளஸ் டூ மாணவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கரைசலின் செறிவு மாறினால் வோல்ட் எப்படி மாறும் என்று சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு வருவதற்குள் அவர்கள் களைத்துவிடுகிறார்கள்.

இதற்கு ஒரே வழி, குறியை விட்டுவிட்டு வினையைப் பிடித்துக்கொள்வது. ஆனோடில் ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரானை இழத்தல்; மற்ற மின்வாயான கேத்தோடில் ஒடுக்கம், அதாவது எலக்ட்ரானைப் பெறுதல். எந்தத் தகடு எலக்ட்ரானை இழக்கிறதோ, அல்லது எங்கே அயனி எலக்ட்ரானை இழக்கிறதோ, அது ஆனோடு. கலம் மின்சாரம் தந்தாலும் சரி, வாங்கினாலும் சரி, இது மாறாது. கீழே உள்ள சோதனைகளை இதே வரிசையில் செய்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முதலில் மின்சாரம் தரும் கலம், பிறகு மின்சாரம் வாங்கும் கலம்.

பொருள் எங்கே கிடைக்கும்

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. டேனியல் கலத்துக்கு வேண்டிய இரண்டு உப்பும் உரக்கடையில் இருக்கின்றன. நெல் வயலில் ஏக்கருக்கு 10 கிலோ என்று மணலோடு கலந்து தூவும் ஜிங்க் சல்பேட் ஒன்று. கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் சுண்ணாம்போடு சேர்த்துப் போர்டோ கலவையாக அடிக்கும் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், மற்றொன்று. கால் கால் கிலோ வாங்கினால் ஒரு வகுப்புக்கே போதும். இரண்டு கரைசலையும் இணைக்கும் உப்புப் பாலத்துக்கு வேண்டிய பொட்டாசியம் நைட்ரேட்டும் அங்கேயே உண்டு. இலைவழி உரம் விற்கும் கடையில் 13-0-45 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஜிங்க் சல்பேட் மூட்டையில் அச்சிட்ட சதவீதத்தைப் பார்க்காமல் எடை போடாதீர்கள். 21 சதவீதம் என்றிருந்தால் அது ஏழு நீர் மூலக்கூறு கொண்ட உப்பு. 100 மில்லிக்கு 29 கிராம் போட்டால் ஏறக்குறைய 1 மோலார், அதாவது லிட்டருக்கு ஒரு மோல். 33 சதவீதம் என்றிருந்தால் ஒரே ஒரு நீர் மூலக்கூறு; 18 கிராம் போதும். இது தெரியாமல் 33 சதவீத உப்பை 29 கிராம் போட்டுவிட்டு, கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று குழம்புவது வழக்கமாக நடக்கிறது. ‘செலேட்டட் ஜிங்க்’ என்று போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். அதில் ஜிங்க் அயனி தனியாக இல்லை. மயில்துத்தம் 100 மில்லிக்கு 25 கிராம். முதலில் 80 மில்லி இளஞ்சூடான நீரில் கரைத்து, ஆறிய பிறகு 100-க்கு நிரப்பவும்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. போர் தண்ணீரில் மயில்துத்தத்தைப் போட்டால் தெளிந்த நீலம் வராது. வெளிறிய, பால் கலந்தது போன்ற கலங்கல்தான் வரும். தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து காப்பர் வீழ்படிவாகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உவர்நீர் ஏறிய கிணறுகளில் குளோரைடும் சேர்ந்துகொள்ளும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஐந்து லிட்டர் கேன் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் நேராகப் பிடித்த நீர். உர உப்பு எப்படியும் கொஞ்சம் கலங்கும். ஒரு முறை வடிகட்டிக்கொள்ளலாம்.

துத்தநாகத் தகடு பழைய டார்ச்லைட் கட்டையின் (பேட்டரி செல்லின்) வெளிக்கூடுதான். பெரிய சைஸ், துத்தநாக-கார்பன் வகையாக இருக்க வேண்டும். ‘ஆல்கலைன்’ என்று எழுதியதை அறுக்கக் கூடாது, உள்ளே காரம் இருக்கிறது. லித்தியம் பேட்டரி பக்கமே போகக் கூடாது. கட்டையைப் பிரித்தால் உள்ளே கறுப்புத் தூள், நடுவில் ஒரு கார்பன் குச்சி. தூளைக் கையுறையோடு தனியே கட்டி வையுங்கள். குச்சியைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். காப்பருக்கு எலக்ட்ரீஷியனிடம் 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு முழம் வாங்கித் தோலை உரித்துச் சுருட்டினால் ஆயிற்று. காற்றாடிக் காயிலில் எடுத்த கம்பி என்றால் அதன்மேல் வார்னிஷ் பூச்சு உண்டு, சுரண்டாவிட்டால் மின்சாரம் பாயாது.

கலத்தைக் கட்டுதல்

இரண்டு பிளாஸ்டிக் டப்பா. சமையல் பாத்திரம் எதுவும் வேண்டாம். மயில்துத்தம் விஷம், எவர்சில்வர் டம்ளரோ அதுவே ஒரு மின்வாய் ஆகிவிடும். ஒன்றில் ஜிங்க் சல்பேட் கரைசலும் துத்தநாகத் தகடும், மற்றொன்றில் காப்பர் சல்பேட் கரைசலும் காப்பர் கம்பியும். இரண்டையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு உடனே அமிழ்த்தவும். துத்தநாகம் காற்றில் சும்மா கிடந்தால் மேலே ஆக்சைடு படர்ந்துவிடும்.

பாலத்துக்கு 100 மில்லி நீரில் 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும் 3 கிராம் அகர் அகரும் (மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்பார்கள்) போட்டுக் கிளறிக் கொதிக்க விடவும். மீன்தொட்டிக்குப் போடும் ஒளி ஊடுருவும் டியூபில் 10 சென்டிமீட்டர் துண்டை வெட்டி, சூடாக இருக்கும்போதே சிரிஞ்சால் நிரப்பி, ‘ப’ வடிவில் வளைத்து ஆறவிடவும். நடுவில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அந்தப் பாலம் உடைந்த பாலம்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அகர் கெட்டியானால் 85 டிகிரிக்குக் குறைந்து மறுபடி இளகாது, ஆகவே சித்திரை வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜெலட்டின் போட்டவர்களின் பாலம் மதியத்துக்குள் டப்பாவில் ஒழுகியிருக்கும்.

மல்டிமீட்டரை டி.சி. 2 அல்லது 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைக் காப்பரிலும் கறுப்பைத் துத்தநாகத்திலும் தொடவும். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் நீங்கள் அளக்கவில்லை, கலத்தைக் குறுக்குச்சுற்றில் போட்டிருக்கிறீர்கள்.

புத்தகக் கணக்குப்படி, காப்பரின் திட்ட மின்வாய் மின்னழுத்தமான 0.34-லிருந்து துத்தநாகத்தின் மைனஸ் 0.76-ஐக் கழித்தால் 1.10 வோல்ட். கையால் கட்டிய கலத்தில் 1.05 முதல் 1.09 வரை வந்தால் திருப்தியாக எழுதிக்கொள்ளலாம். 0.8-க்குக் கீழே நின்றால் துத்தநாகத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். மேலே கறுத்த பஞ்சு போல ஏதாவது படிந்திருந்தால் காப்பர் அயனி அந்தப் பக்கம் கசிந்து, துத்தநாகத்தின்மேலேயே ஒடுங்கிவிட்டது. தேய்த்துக் கழுவி, கரைசலையும் மாற்றவும். மீட்டர் பூஜ்யம் காட்டினால் பாலத்தில் குமிழி, அல்லது பாலத்தின் ஒரு கால் கரைசலைத் தொடவில்லை. மைனஸ் 1.08 என்று காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, முனைகள் இடம் மாறியிருக்கின்றன. ஆனால் அந்த மைனஸ் குறியைப் பையன்களுக்குக் காட்டாமல் விடாதீர்கள். முனையை மாற்றித் தொட்டதால் குறி மாறிற்று, கலத்துக்குள் எதுவும் மாறவில்லை, துத்தநாகம் இன்னும் கரைந்துகொண்டுதான் இருக்கும் என்பது அதில் இருக்கிறது.

வோல்ட் இருக்கிறது, விளக்கு ஏன் எரியவில்லை?

மூன்று கலத்தைத் தொடரில் இணைத்தால் 3.2 வோல்ட் வருகிறது, சிவப்பு எல்.இ.டி.க்கு 1.8 போதுமே, அப்படியும் மினுக் மினுக்கென்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. இதற்குப் புத்தகத்தில் பதில் குறைவு. பதில் பாலத்தில் இருக்கிறது. மெல்லிய டியூபின் வழியே அயனிகள் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். ஒரு பாலத்தின் தடையே ஆயிரம் ஓம் அளவுக்கு இருக்கும். பில்டர் தாளை நனைத்துப் போட்ட பாலம் இன்னும் மோசம், பல ஆயிரம் ஓம். வோல்ட்மீட்டர் மின்னோட்டம் கேட்பதில்லை, அதனால் அதற்குக் குறை தெரியாது. எல்.இ.டி. கேட்கிறது.

டேனியல் 1836-இல் தன் முதல் கலத்தில் மாட்டின் உணவுக்குழாயைத் தடுப்பாக வைத்திருந்தார். பிறகு அந்த இடத்துக்கு மெருகிடாத மண்கலம் வந்தது. அந்த மண்கலம் நமக்குக் குயவரிடமே கிடைக்கும். டீக்கடையில் வைக்கும் மண் குவளை அளவில், எண்ணெய் படாத, பெயிண்ட் அடிக்காத, விரிசல் இல்லாத ஒன்று வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், வெளிப்புறத்தில் தண்ணீர் சொட்டாமல் ஈரம் மட்டும் பூக்க வேண்டும். சொட்டினால் வேறு எடுங்கள். முதல் நாள் இரவே டிஸ்டில்ட் வாட்டரில் ஊறப்போடவும்.

மறுநாள் குவளைக்குள் ஜிங்க் சல்பேட் கரைசலும் துத்தநாகத் தகடும். குவளையை அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்தி, சுற்றிலும் காப்பர் சல்பேட் கரைசல். காப்பர் கம்பியைக் குவளையைச் சுற்றி வளையமாக விடவும். உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கட்டும். ஒருபக்கம் உயர்ந்தால் அந்த எடையே கரைசலை மறுபக்கம் தள்ளும். பாலம் கிடையாது, குவளையின் சுவர்தான் பாலம்.

தடை எவ்வளவு குறைந்தது என்று அளக்கலாம். முதலில் எதையும் இணைக்காமல் அளந்தால் 1.08 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு அளந்தால் 0.72. குறைந்தது 0.36. அதை 0.72-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 5 ஓம். அதுதான் கலத்தின் உள்தடை. இப்படி இரண்டு குவளையைத் தொடரில் இணைத்தால் சிவப்பு எல்.இ.டி. தாராளமாக எரியும். நீளக் காலைக் காப்பர் பக்கம் இணைக்கவும். வெள்ளை, நீல எல்.இ.டி.க்கு 3 வோல்ட் தேவை, அதற்கு மூன்று குவளை.

சோதனை முடிந்ததும் துத்தநாகத்தைத் தூக்கிவிடுங்கள். ஓரிரு மணி நேரத்தில் காப்பர் அயனி சுவரைத் தாண்டி உள்ளே வரும். குவளையை அப்படியே காயவிட்டால், கடலோரத்து வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிருமே, அதே கதைதான்: துளைகளுக்குள் உப்புப் படிகமாகிச் சுவரைப் பிளக்கும். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே காயவைக்கவும்.

நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக்குப் பாலம் போட்ட கலமே மேல், ஏனென்றால் அங்கே கரைசல் அவ்வளவாகக் கலப்பதில்லை. காப்பர் சல்பேட்டில் 10 மில்லி எடுத்து 100 மில்லியாக்கி அளக்கவும். அதில் மறுபடி 10 மில்லி எடுத்து 100 ஆக்கவும். ஒவ்வொரு பத்து மடங்கு நீர்ப்பிலும் சுமார் 0.03 வோல்ட் இறங்க வேண்டும். முழு அளவு 1.10 வராவிட்டாலும் இந்த இறக்கம் ஏறக்குறைய சரியாக வரும். துத்தநாகக் கரைசலை நீர்த்தால் அதே அளவு ஏறும்.

இப்போது மின்சாரத்தைத் திருப்பி விடுவோம்: பித்தளைமேல் செம்பு

முலாம் பூச எல்லோரும் முதலில் எடுப்பது இரும்புச் சாவி. அது வேண்டாம். மயில்துத்தத்தில் இரும்பை அமிழ்த்திய நொடியே பேட்டரி இல்லாமலேயே செம்பு படியும். இரும்பு கரைந்து காப்பரை இடம்பெயர்க்கிறது, அவ்வளவுதான். அது துடைத்தால் வரும் சேறு. சிறிய பித்தளைத் துண்டு எடுங்கள், நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளின் கழிவுத் தகடு போல ஏதாவது, இரண்டு பக்கமும் சேர்த்து 10 சதுர சென்டிமீட்டர் அளவில்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, பிறகு சோப்பு நீரில் கழுவி, விளிம்பைப் பிடித்துத் தண்ணீரில் காட்டவும். தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. தகடு முழுவதும் ஒரே படலமாகப் பரவினால்தான் சுத்தம். அதன்பிறகு விரல் படக்கூடாது. விரல்ரேகை பட்ட இடம் முலாம் பூசியபின் ரேகையாகவே தெரியும்.

கரைசல், 100 மில்லியில் 20 கிராம் மயில்துத்தம். ஆய்வகமாக இருந்தால் ஆசிரியர் 5 மில்லி நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கட்டும், படிவு மங்காமல் இருக்கும். பித்தளையை பேட்டரியின் மைனஸிலும், காப்பர் கம்பியைப் பிளஸிலும் இணைக்கவும். 1.5 வோல்ட் கட்டை ஒன்று, அதனோடு தொடரில் 10 ஓம் ரெசிஸ்டர், ஒரு அம்மீட்டர். மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் அருகே நிற்கும். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்பது நல்ல கணக்கு. அவசரப்பட்டு 9 வோல்ட்டில் போட்டால் ஓரங்களில் கறுத்த செங்கல்பொடி போலப் படிந்து, கழுவும்போதே உதிரும். அயனிகள் வந்து சேரும் வேகத்தைவிட எலக்ட்ரான் வேகமாக வருவதால் அப்படி ஆகிறது.

30 நிமிடம் ஓடினால் 0.1 பெருக்கல் 1800, அதாவது 180 கூலும். இரண்டு எலக்ட்ரானுக்கு ஒரு காப்பர் அணு. ஆகவே 180-ஐ ஒரு மோல் காப்பருக்கு வேண்டிய 193000 கூலுமால் வகுத்து, காப்பரின் அணு எடையான 63.5-ஆல் பெருக்கினால் 0.059 கிராம். நகைக்கடை வகை சிறு டிஜிட்டல் தராசு 0.01 கிராம் வரை காட்டும், 0.06 என்று தெரிந்தால், பாய்ந்த மின்சாரத்தின் அளவுக்கேற்பத்தான் உலோகம் படியும் என்ற ஃபாரடே ஜெயித்தார். தேய்க்காமல், ஒற்றி உலர்த்தி எடை போடவும். காப்பர் கம்பியும் அதே அளவு எடை குறைந்திருக்கும். கரைசலின் நீலம் மாறாததற்குக் காரணமும் அதுதான்.

காப்பர் கம்பிக்குப் பதில் டார்ச்லைட் கட்டையின் கார்பன் குச்சியைப் பிளஸில் வைத்து, இரண்டு மூன்று கட்டை வைத்து ஓட்டினால் நீலம் மெல்ல வெளிறும், குச்சியில் ஆக்சிஜன் குமிழியிடும், கரைசல் அமிலமாகும். குச்சி கரைந்து அயனி தருவதில்லை என்பதால் வரும் மாற்றம். ஒரே கரைசலில் ஆனோடை மட்டும் மாற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிப் பாடம் முடிந்தது.

இங்கே சிறிது நின்று குறிகளை எழுதச் சொல்லுங்கள். டேனியல் கலத்தில் செம்பு படிந்த தகடு பிளஸ். இங்கே செம்பு படிந்த தகடு மைனஸ். இரண்டிலும் அது கேத்தோடுதான்.

கவரிங் நகைக்குத் தங்கமுலாம் பூசுவதும் இதே வினைதான், ஆனால் அந்தத் தொட்டிகளில் சயனைடு கரைசல் இருக்கும். ‘சார், அதையும் செய்யலாமா’ என்ற கேள்வி கட்டாயம் வரும். கூடாது.

தண்ணீரையும் உப்பையும் பிரித்தல்

தண்ணீரைப் பிரிக்க 100 மில்லிக்கு 5 கிராம் வாஷிங் சோடா, இரண்டு கார்பன் குச்சி, பழைய செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர். இரண்டு சோதனைக்குழாயைக் கரைசலால் நிரப்பிக் கவிழ்க்கவும். 200 மில்லி ஆம்பியரில் 10 நிமிடத்தில் ஹைட்ரஜன் 15 மில்லி அளவுக்குச் சேரும். ஆக்சிஜன் ஏழரை வரவேண்டும், வராது. குறைவாகத்தான் வரும். ஒரு பங்கு நீரில் கரைகிறது, ஒரு பங்கு கார்பன் குச்சியையே எரித்துக் கார்பன் டை ஆக்சைடாகிறது. கீழே உதிரும் கறுப்புத் தூளே சாட்சி. ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிவிட்டுப் பிறகு குழாயைக் கவிழ்த்தால் விகிதம் கொஞ்சம் தேறும். 2:1 வரவில்லை என்று நோட்டில் எண்ணைத் திருத்தி எழுத விடாதீர்கள்; குறைவுக்கான காரணத்தை எழுதவைப்பதே நல்லது. ஹைட்ரஜனைத் தீக்குச்சியால் சோதிப்பது சோதனைக்குழாய் அளவோடு நிற்கட்டும். ஆக்சிஜனுக்குக் கனலும் ஊதுவத்தி.

எவர்சில்வர் ஸ்பூனை ஆனோடாக வைக்காதீர்கள். அதிலிருந்து குரோமியம் கரைந்து கரைசல் மஞ்சளானால் அது நச்சு.

சாப்பாட்டு உப்பை வைத்துத் ‘தண்ணீரைப் பிரிக்கிறேன்’ என்பது தவறு, அங்கே ஆனோடில் வருவது பெரும்பாலும் குளோரின். அதைத் தனிச் சோதனையாகச் செய்யலாம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய வேதாரண்யத்து உப்பு, கல்லுப்பாகவே, 20 மில்லி நீரில் 2 கிராம். ஜன்னலோரம், 9 வோல்ட், இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த தாளைக் கேத்தோடு அருகே நனைத்தால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதும் இதே காரத்தால்தான். ஆனோடு அருகே நனைத்த சங்குப்பூத் தாள் வெளுக்கும், பிளீச்சிங் பவுடர் வாசனை வரும். கேத்தோடைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று மிதந்தால் கல்லுப்பில் இருந்த மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வந்திருக்கிறது. தூள் உப்பில் இது அவ்வளவாக வராது.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இந்த இரண்டு வேலையையும் ஒரே தகடுகளில் செய்கிறது. கரண்ட் போனால் டேனியல் கலம் போல, வந்தால் மின்னாற்பகுப்புத் தொட்டி போல. தகட்டின் பிளஸ் மைனஸ் மாறாது, ஆனோடும் கேத்தோடும் இடம் மாறும். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் தண்ணீரும் பிரிவதால்தான் அதில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறோம், அறையில் காற்றோட்டம் கேட்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லலாம். சோதனைக்கு அந்தப் பேட்டரியை எடுக்காதீர்கள், குறுக்குச்சுற்றானால் ஸ்பானரே பழுத்துவிடும்.

கடைசியில் மயில்துத்தக் கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டக் கூடாது, மீன் சாகும். நல்ல கரைசலைப் பெயர் எழுதிப் புட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். கெட்டுப்போனதில் இரும்பு ஆணிகளை ஓரிரு நாள் போட்டு வைக்கவும். நீலம் போய் வெளிறிய பச்சையானதும் வாஷிங் சோடா சேர்த்து, அடியில் தங்கும் சேற்றை வடிகட்டிக் காயவைத்து, ஆய்வகக் கழிவோடு சேர்த்துக் கட்டி வைக்கவும். ஆணியின்மேல் படிந்த செம்பைப் போகிறபோக்கில் பையன்களிடம் காட்டி, இதில் ஆனோடு எது என்று கேட்டுப் பாருங்கள்.